லான்கொலன் குறிப்புகள்: பாடப் போன பிள்ளைகளோடு ஒரு வாரம்

செவ்வாய்

லான்கொலன் வந்து சேர்ந்துவிட்டோம். வடகிழக்கு வேல்ஸில் டீ என்ற ஆற்றங்கரையில் இருக்கிற ஊர், மொத்தமே நாலாயிரம் பேருக்குள்தான் இருப்பார்கள். ஆனால் ஜூலையில் ஒரு வாரம் மட்டும் எங்கெங்கிருந்தோ பாட்டுக் குழுக்களும் நடனக் குழுக்களும் வந்து இறங்கி, ஊர் நிரம்பி வழிகிறது. சர்வதேச இசை ஐஸ்டெத்வோட் என்று பெயர் (பாட்டுப் போட்டி விழாவுக்கு வேல்ஸ் மொழியில் சொல்வது ஐஸ்டெத்வோட்), 1947இல் தொடங்கிய விழா. பகலெல்லாம் போட்டி, இரவில் கச்சேரி. என் அக்கா மகள் பாடுகிற இளையோர் குழு இந்த முறை போட்டிக்கு வந்திருக்கிறது, கூட வந்த பெரியவர்களில் நானும் ஒருத்தி. சாப்பாடு, தூக்கம், மருந்து எல்லாம் எங்கள் பொறுப்பு. ஆனால் நான் கிளம்பி வந்ததே பாட்டுக்காகத்தான், அதனால் இந்தக் குறிப்புகளிலும் அதுதான் அதிகம் இருக்கும்.

ரயிலில் வருகிறவர்கள் ருவாபன் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். லான்கொலனுக்குள் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, ஆற்றை ஒட்டி, பார்க்கவே அழகு, ஆனால் அது பழைய நீராவி வண்டிகள் ஓடுகிற பாரம்பரியப் பாதை, கோர்வென் வரைக்கும்தான் போகும்.

மாலையில் பயிற்சி. தங்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹால், மரத் தரை, தடித்த திரைச்சீலைகள், குரல் வாயை விட்டு வெளியே வந்த உடனே அடங்கிப்போகிற அறை. பிள்ளைகளுக்கு 12 வயதிலிருந்து 18 வரை இருக்கும். போட்டிப் பாட்டுகளில் ஒன்று வாத்தியமே இல்லாமல் நாலு குரலில் பாடுவது: சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ், மேல் குரலிலிருந்து கீழ்க் குரல் வரை இந்த வரிசை. முழுசாகப் பாடினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. குழுவை நடத்துகிற அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நேரே பியானோவிடம் போய், அவர்கள் முடித்திருக்க வேண்டிய ஸ்வரத்தை ஒரே ஒரு முறை தட்டினார். எல்லார் முகமும் மாறிவிட்டது. கிட்டத்தட்ட அரை ஸ்வரம் இறங்கியிருந்தார்கள்.

தம்புராவோ சுருதிப்பெட்டியோ பின்னால் ஒலிக்கப் பாடிப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். இங்கே பின்னால் எதுவும் கிடையாது. முதல் ஸ்வரத்தைக் கொடுத்ததோடு சரி, அப்புறம் நாலு குரலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும், எல்லாரும் சேர்ந்து இறங்கினால் இறங்கியது யாருக்கும் தெரியாது. களைப்பு ஒரு காரணம். மூச்சு தீரும்போது வாக்கியத்தின் கடைசி ஸ்வரம் தொங்கும். மேலிருந்து கீழே வருகிற இடங்களில் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் பெரிதாக வைத்துவிடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அது: பியானோவின் அந்தர காந்தாரம் (ஸ-ரி-க-மவில் பெரிய க), காதுக்குச் சுத்தமாக நிற்கிற அந்தர காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் மேலே இருக்கிறது (ஒரு அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட் கணக்கு). நல்ல காதுள்ள குழு பாடும்போது காந்தாரத்தைத் தானாகவே சுத்தமான இடத்துக்கு இறக்கிக்கொள்ளும், அடுத்த வரியில் அந்த ஸ்வரத்தையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்கு நகரும், இப்படி நாலைந்து முறை நடந்தால் பாட்டு மொத்தமும் மெல்ல நழுவியிருக்கும். காது நன்றாக இருப்பதாலேயே வருகிற நழுவல் இது. அதனால்தான் திட்டினால் சரியாவதில்லை.

அவர் திட்டவும் இல்லை. வரிசையைக் கலைத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கமும் வேறு குரல்காரர்கள் நிற்கிற மாதிரி மாற்றி நிறுத்தி, பாதிச் சத்தத்தில் பாடச் சொன்னார். “பக்கத்தில் இருக்கிறவர் குரல் உன் காதில் விழவில்லை என்றால் நீ அதிகமாகப் பாடுகிறாய்” என்றார். இரண்டாம் தடவை முடித்ததும் மறுபடி பியானோ. முன்னைவிட ரொம்ப நெருங்கி வந்திருந்தது. படுக்கப் போகும்போது அக்கா மகள் சொன்னாள்: “சித்தி, நான் பாடுறது எனக்கே சரியா கேட்கல, ஆனா சரியா இருக்குன்னு தெரிஞ்சுது.” இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இவ்வளவு தூரம் வரலாம்.

புதன்

மழை. இந்த ஊரில் ஜூலை மாத மழைக்கு யாரும் ஒதுங்குவதில்லை, நனைந்துகொண்டே ஊர்வலம் பார்க்கிறார்கள். போட்டிக்கு வந்த குழுக்கள் அவரவர் நாட்டு உடையில், அவரவர் கொடியோடு ஊர்த் தெருக்களில் நடந்து போகிற அணிவகுப்பு. நடக்கிறவர்கள் பாடுகிறார்கள், பார்க்கிறவர்கள் கைதட்டுகிறார்கள், ஜன்னல்களிலிருந்து பாட்டிமார் கையசைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு நடனக் குழு, பின்னால் தோல் மேளம் அடித்துக்கொண்டு இன்னொன்று. நடுவில் மாட்டிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் எதைப் பாடினாலும் அவர்களுக்கே கேட்கவில்லை, கடைசியில் மேளத்துக்கு ஏற்பத் தாளம் போட்டுக்கொண்டே நடந்தார்கள்.

இந்த விழா எப்படி ஆரம்பித்தது என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு வருஷம்கூட நிறைவாகவில்லை. சாப்பாட்டுக்கு ரேஷன். ஊர் ஊராய் இடிந்து கிடக்கிறது. அந்த நேரத்தில், பகைத்துக்கொண்ட நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்று இந்தச் சின்ன ஊரில் சிலர் முடிவெடுத்து, அழைப்பு அனுப்பி, கூடாரம் அடித்தார்கள். யாராவது வருவார்களா என்பதே சந்தேகம். பிரான்ஸில் ரயில் வேலைநிறுத்தம், அதனால் ஹங்கேரியிலிருந்து கிளம்பிய தொழிலாளர் குழு ஒன்று வழியில் கிடைத்த வண்டிகளில் ஏறி இறங்கி வந்து சேர்ந்தது என்பது இங்கே எல்லாரும் சொல்கிற கதை.

அதைவிடப் பெரிய கதை 1949. ஜெர்மனியின் லூபெக் நகரத்திலிருந்து ஒரு குழு வந்தது. கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பிள்ளையைப் போரில் இழந்தவர்கள், வீட்டைக் குண்டில் இழந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! மேடை ஏறுகிறவர்களுக்கு என்ன நடக்குமோ என்ற பயம் இருந்திருக்காதா? ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிற நம் நண்பர்கள் என்று அறிவித்தார்கள், கூட்டம் கைதட்டி வரவேற்றது. இதை ஊர்வலத்தில் என் பக்கத்தில் நின்றிருந்த ஒரு வயதான அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார், ஆனாலும் நேரில் பார்த்த மாதிரிதான் சொன்னார். ஆரம்ப வருஷங்களில் வந்த குழுக்களை இந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளிலேயே தங்க வைத்தார்கள். மொழி தெரியாத பிள்ளைகளுக்குப் படுக்கை விரித்து, காலையில் சாப்பாடு போட்டு மேடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம்தான் விழாவை இத்தனை வருஷம் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இப்போது கூடாரம் இல்லை, 1992இலிருந்து நிரந்தர அரங்கம் இருக்கிறது. நாளைக்கு எங்கள் முறை.

வியாழன்

எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் குரல் பதப்படுத்தும் பயிற்சி. உதட்டை அதிரவிட்டு “ப்ர்ர்ர்” என்று கீழிருந்து மேலே போய்வருவது, வாயை மூடிக்கொண்டு ம்ம் என்று ரீங்கரிப்பது, அப்புறம் கை அசைவுக்கு ஏற்ப ஸ்வரம் பிடிப்பது. இந்தக் கடைசியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நடத்துகிற அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கை வடிவத்தை மட்டும் மாற்றுகிறார்: மூடிய முஷ்டி என்றால் டோ (நம் ஸ மாதிரி), சுட்டுவிரல் மேலே சாய்ந்து நின்றால் டீ (நம் நி மாதிரி). வலது கை பெண் பிள்ளைகளுக்கு, இடது கை ஆண் பிள்ளைகளுக்கு. இரண்டு கையும் வேறு வேறு ஸ்வரம் காட்ட, அறையில் சட்டென்று இரண்டு குரல் சேர்ந்து ஒலிக்கிறது. பியானோ மூடியே கிடந்தது.

அந்தக் குழுவில் 14 வயதுப் பையன் ஒருவன். குரல் உடைகிற பருவம். ஆண் பிள்ளைகளுக்குக் குரல்நாண்கள் நீண்டு தடித்து, பேச்சுக் குரல் சுமார் ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிற காலம் இது. இறங்கி முடிகிறவரைக்கும் எந்த ஸ்வரம் வரும், எது கீச்சிடும் என்று அவர்களுக்கே தெரியாது. போன வருஷம் அவன் சொப்ரானோவாம், குழுவிலேயே நல்ல குரலாம். பல இடங்களில் இந்த வயதுப் பையன்களைக் கொஞ்ச நாள் வெளியே உட்காரச் சொல்லிவிடுகிறார்கள், அப்படி உட்கார்ந்தவர்களில் நிறையப் பேர் திரும்பி வருவதில்லை. இங்கே வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். அவனுடைய தாளைப் பார்த்தேன். டெனர் வரிக்கு மேலே பென்சிலால் வேறு ஒரு வரி எழுதியிருக்கிறது, மொத்தமே ஐந்து ஸ்வரங்களுக்குள் சுற்றுகிற வரி, அவனுக்கு இப்போது உறுதியாக வருகிற ஐந்து. அதற்கு மேலே போகிற இடங்களில் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது. “வட்டம்னா என்ன?” என்று கேட்டேன். “அந்த இடத்துல பாடக் கூடாது, ஆனா வாய மூடக் கூடாது, கேட்கணும்” என்றான்.

அரங்கத்துக்குப் பின்னால் காத்திருந்த நேரம் நீளமாகத்தான் இருந்தது. உள்ளே வேறு குழு பாடுவது சுவர் வழியாக மங்கலாகக் கேட்கிறது. ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், இன்னொருத்தி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் கதவு திறந்தது.

மேடையின் முன்பக்கம் முழுக்கப் பூ அலங்காரம். இந்த விழாவின் பெயர்பெற்ற அடையாளம் அது, தன்னார்வலர்கள் ஒவ்வொரு வருஷமும் செய்கிறார்கள். ஓரத்தில் நின்ற எனக்கே அதன் வாசனை வந்தது. நடத்துகிற அம்மா இசைக்கவையை முட்டியில் தட்டிக் காதில் வைத்து, நாலு குரலுக்கும் நாலு ஸ்வரம் மெதுவாக ரீங்கரித்துக் கொடுத்தார். கை மேலே போனது. எல்லாரும் ஒன்றாக மூச்சு இழுத்தார்கள், அந்த மூச்சுச் சத்தம்கூட ஒரே தாளத்தில் இருந்தது.

பாட்டைப் பற்றி என்ன எழுத? நடுவில் ஒரு நீண்ட வாக்கியம், யாராலும் ஒரே மூச்சில் பாட முடியாது. ஆனால் கேட்கிறவருக்கு எங்கேயும் இடைவெளி தெரியாது, ஏனென்றால் ஆளுக்கு ஒரு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்ப உள்ளே வந்துவிடுகிறார்கள், பக்கத்து ஆள் நிறுத்துகிற இடத்தில் தான் நிறுத்தக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் போட்ட இடங்களில் வாய் திறந்தபடி, கண் இடது பக்கம் நின்றவனை நோக்கி. முடிந்ததும் அரங்கத்தில் ஒரு நொடி அமைதி, அப்புறம் கைதட்டல்.

எங்களுக்கு நாலாவது இடம். முதல் மூன்று பேருக்குத்தான் மேடையில் அழைப்பு. சிலர் அழுதார்கள். நடுவர்கள் தந்த குறிப்புத் தாளை இரவு எல்லாரையும் உட்கார வைத்து அந்த அம்மா வாசித்துக் காட்டினார். வார்த்தை முடிவில் வருகிற மெய்யெழுத்துகள் ஒன்றாக விழவில்லை, ஆளுக்கு ஒரு நேரத்தில் விழுகின்றன என்று எழுதியிருந்தது. இரண்டாவது பாட்டில் வேகம் கூடிவிட்டது என்றும் இருந்தது. ரெண்டுமே உண்மை, எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் முதல் வரி என்ன தெரியுமா? வாத்தியமில்லாத பாட்டில் சுருதி கடைசிவரை நின்றது என்பது. அவர் அதை வாசித்ததும் செவ்வாய்க்கிழமை பியானோ சத்தத்தைக் கேட்ட அதே முகங்களில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளி

போட்டி முடிந்ததால் காலையில் நடைப்பயணம். ஊரிலிருந்து கால்வாய்க் கரையோடு போனால் ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே பொன்ட்கிசில்தே நீர்ப்பாலம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டியது, 1805இல் திறந்தார்கள், 2009இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கல் தூண்களுக்கு மேலே வார்ப்பிரும்பால் ஆன தொட்டி, அந்தத் தொட்டிதான் கால்வாய், அதில் படகு போகிறது, கீழே சுமார் 38 மீட்டர் ஆழத்தில் டீ ஆறு. நடக்கிற பக்கம் கைப்பிடி இருக்கிறது, படகு போகிற பக்கம் எதுவுமே கிடையாது. பிள்ளைகளை ஒற்றை வரிசையில் நடத்திக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவருகிறவரை நான் இயற்கை எதையும் ரசிக்கவில்லை.

வழியில் கால்வாய்க்குக் குறுக்கே தாழ்வான கல் பாலங்கள். அடியில் நுழைந்ததும் பேச்சே பாட்டாக எதிரொலிக்கிறது, விடுவார்களா? ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நின்றுவிட்டார்கள். யாரோ பஞ்சமம் சேர்த்தார்கள், காந்தாரம் சேர்ந்தது. அப்போது அந்த 14 வயதுப் பையன் எல்லாருக்கும் அடியில் ஒரு ஸ்வரம் வைத்தான், தயங்கித் தயங்கி, இதுவரைக்கும் அவனிடமிருந்து வராத கீழ் ஸ்வரம். கல்லிலிருந்து அது முழுசாகத் திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்த பெரிய பையன்கள் அவன் முதுகில் தட்டினார்கள்.

மதியம் மைதானத்துக்குத் திரும்பிவிட்டோம். அரங்கத்துக்கு வெளியே திறந்தவெளி மேடைகளிலும் குழுக்கள் பாடுகின்றன, பரிசுக்காக இல்லாமல். எனக்கு அரங்கத்தைவிட இதுதான் அதிகம் பிடித்தது. ஒரு குழுவின் பயிற்சியில் எங்கள் ஆட்கள் செய்கிற அதே கை அசைவுகளைப் பார்த்தேன், அவர்கள் மொழி வேறு, ஆனால் முஷ்டி மூடினால் டோ.

இந்தக் கை அசைவுக்கு ஒரு வரலாறு உண்டு, வேல்ஸோடு நெருங்கிய சம்பந்தமும் உண்டு. இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் சாரா க்ளோவர் என்ற ஆசிரியை, ஐந்து கோடு போட்டு எழுதுகிற இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர எழுத்துகளை வைத்து ஒரு முறை உண்டாக்கினார். ஜான் கர்வன் என்ற பாதிரியார் 1840களில் அதை எடுத்து விரிவாக்கி டானிக் சோல்-ஃபா என்று பரப்பினார், கை அசைவுகளும் அவர் சேர்த்ததுதான். ஹங்கேரியின் இசையமைப்பாளர் கோடாயும் அவர் மாணவர்களும் பின்னால் அதைத் தங்கள் கல்வி முறையில் சேர்த்துக்கொண்டதால்தான் உலகமெங்கும் போனது. இதில் டோ ஒரு நிலையான ஸ்வரம் கிடையாது, நம் சட்ஜம் மாதிரி, எங்கே வைக்கிறோமோ அதுதான் டோ. வேல்ஸின் சுரங்கங்களிலும் கல்லுடைக்கும் குவாரிகளிலும் வேலை செய்தவர்கள், 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், தேவாலயங்களில் இந்த முறையைக் கற்றுக்கொண்டுதான் பெரிய பெரிய நாலு குரல் பாட்டுகளைப் பாடினார்கள். பியானோ வாங்க வசதியில்லாத ஊர்களில் சேர்ந்திசை வளர்ந்தது இப்படித்தான். காசு இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் இசைக் கல்வி என்று ஆகிக்கொண்டிருக்கிற இந்தக் காலத்தில் இதை யாராவது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு இசைக்கவை, இரண்டு கை, கேட்கப் பொறுமை உள்ள ஒரு ஆசிரியர், தொடங்குவதற்கு இவ்வளவுதான் தேவை.

சனி

இன்று இரவு உலகின் சிறந்த குழுவுக்கான இறுதிப் போட்டி. பல பிரிவுகளில் வென்றவர்கள் மோதுகிறார்கள், வென்றவர்களுக்குப் பவரொட்டியின் பெயரிலான கோப்பை. 1955இல் இத்தாலியின் மொடேனாவிலிருந்து வந்த ரொஸ்ஸினி குழுவில் ஒருவராக லூசியானோ பவரொட்டி இங்கே பாடினார். அப்போது அவருக்கு 19 வயது, அப்பாவும் அதே குழுவில். முதல் பரிசு கிடைத்தது. நாற்பது வருஷம் கழித்து, 1995இல், உலகமே அறிந்த பாடகராகத் திரும்பி வந்து இதே ஊரில் கச்சேரி செய்தார். கூட்டத்தில் ஒருவராகப் பாடி ஜெயித்த அந்த நாளைத் தன் வாழ்க்கையின் பெரிய நாட்களில் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தனிக்குரலில் அவ்வளவு பெரிய ஆள் அப்படிச் சொன்னதை எங்கள் பிள்ளைகளிடம் நான் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

இறுதிப் போட்டியில் எனக்குப் பிடித்த குழு ஜெயிக்கவில்லை. பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள குழு. அவர்களை நடத்துகிறவர் முதல் ஸ்வரத்தைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார், கை அசைக்கவே இல்லை. மேடையில் அரைவட்டமாக நின்ற அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி பாடினார்கள். வேகம் மாறுகிற இடத்தில் யார் முடிவெடுத்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. எங்கள் பிள்ளைகள் வரிசையில் ஒரு அசைவு இல்லை. நாலு நாளைக்கு முன்னால் இதே பாட்டைக் கேட்டிருந்தால் “நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்திருப்பார்கள். இன்றைக்கு வெளியே வந்ததும் ஆல்டோக்கள் எங்கே மூச்சு வாங்கினார்கள் என்று சண்டை. போட்டி வைப்பதால் பிள்ளைகள் மனசு நோகிறது என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு, வியாழக்கிழமை அழுத பிள்ளைகளைத் தேற்றியவள் நான். ஆனால் ஒரே மேடையில் நாள் முழுக்க இத்தனை குழுக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிற வாய்ப்பைப் பயிற்சி அறை தராது, வீடியோவும் தராது.

பிள்ளைகள் மைதானத்திலேயே அந்தப் பெண்கள் குழுவோடு பேசி, அவர்கள் பாடிய பாட்டின் பெயரையும் அதை எழுதியவர் பெயரையும் குறித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தப் பாட்டின் இசைத்தாள் வாங்கித் தந்தால் செப்டம்பரிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நடத்துகிற அம்மா சொல்லியிருக்கிறார், நாலு குரலுக்கு மாற்றி எழுதுவதற்கு அனுமதி கேட்டு இசையமைத்தவருக்கு எழுதப் போகிறாராம். அந்தப் பையனுக்கு பேஸ் வரியா, டெனரா என்று செப்டம்பரில் கேட்டுவிட்டு முடிவு செய்வார்களாம்.

அடுத்த வருஷம் வர நினைக்கிறவர்களுக்கு: இரவுக் கச்சேரி டிக்கெட்டோடு நிறுத்தாமல், பகல் டிக்கெட் எடுத்துக் காலை முதலே போட்டிகளில் போய் உட்காருங்கள். பிள்ளைகள் பிரிவைத் தவறவிடாதீர்கள். நடுவில் வெளியே வந்து திறந்தவெளி மேடைகளையும் ஒரு சுற்று பாருங்கள். குடை கூட்டத்தில் இடைஞ்சல், தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும், செருப்பு வேண்டாம், மைதானம் சேறாகிவிடும். தங்க இடம் ரொம்ப முன்னாலேயே பிடிக்க வேண்டும், ஊருக்குள் கிடைக்காவிட்டால் ரெக்ஸமில் தங்கி பஸ்ஸில் வந்து போகலாம்.